வன்னி வெக்கையில் வெப்பமுணரும் பல்பகுதியங்கள்: கரைப்பதும் அளப்பதும்

ஆய்வுக் கட்டுரை ஒன்றில் "அறை வெப்பநிலையில் வைக்கவும்" என்று இருந்தால் அது பெரும்பாலும் 20 முதல் 25 பாகை செல்சியசைக் குறிக்கும். கிளிநொச்சியிலோ மாங்குளத்திலோ ஆனி மாதத்து மத்தியானத்தில், காற்றுச்சீராக்கி இல்லாத ஆய்வுகூடத்து மேசை 33, 34 பாகையில் நிற்கும். சாதாரண உப்புக் கரைசலுக்கு இந்தப் பத்துப் பாகை பெரிய விடயமில்லை. குளிரில் நீரில் கரைந்து, சூடேறியதும் திரளுகிற பல்பகுதியங்களுக்கோ (பொலிமர்கள், அதாவது சிறு மூலக்கூறுகள் கோத்த நீண்ட சங்கிலிகள்) அதுதான் எல்லாம். வேறொரு நாட்டில் எழுதிய செய்முறையை அப்படியே இங்கே செய்தால், மேசையில் எடுத்து வைத்த உடனேயே கரைசல் பாலாகக் கலங்கும், அல்லது ஊசிக்குழலுக்குள்ளேயே இறுகிவிடும். பொருளைக் குறை சொல்லிப் பயனில்லை. வெக்கையையும் பரிசோதனையின் ஒரு பகுதியாகக் கணக்கில் எடுத்து, எல்லாவற்றையும் குளிரிலிருந்து தொடங்க வேண்டும்.

கிளிநொச்சி அறிவியல் நகரிலுள்ள பல்கலைக்கழகப் பீடங்களிலோ வவுனியாப் பல்கலைக்கழகத்திலோ செயற்றிட்டம் செய்யும் மாணவருக்கும், உயர்தர வகுப்புக்கு நல்லதொரு செய்துகாட்டல் தேடும் இரசாயனவியல் ஆசிரியருக்கும் இது உதவும்.

சூடேறினால் ஏன் பிரிகிறது

சீனி சூட்டில் கூடுதலாகக் கரையும். இந்தப் பல்பகுதியங்கள் அதற்கு நேர்மாறு. குளிரில் நீர் மூலக்கூறுகள் சங்கிலியின் நீர்நாட்டமுள்ள பகுதிகளோடு ஐதரசன் பிணைப்பால் பிணைந்திருக்கும்; நீர்வெறுப்பான பகுதிகளைச் சுற்றி ஒழுங்காக அடுக்கி நிற்கும். வெப்பநிலை ஏற ஏற அந்த ஒழுங்கைக் காப்பதன் எந்திரப்பிச் (ஒழுங்கின்மையின் அளவு) செலவு கூடிக்கொண்டே போகும். ஓர் எல்லை தாண்டியதும் நீர் விலகிப் போக, விரிந்திருந்த சங்கிலி சுருண்டு, பக்கத்துச் சங்கிலிகளோடு ஒட்டிக்கொள்ளும். ஒளியைச் சிதறடிக்கும் அளவுக்குத் திரள் பெருக்கும்போது கரைசல் வெண்மையாகக் கலங்கும். இங்கே புதிய இரசாயனப் பிணைப்பு எதுவும் உண்டாவதில்லை. குளிரவைத்தால் பழையபடி தெளியும்.

எதை வாங்குவது

மெதைல் செலுலோசு மலிவானது. உணவிலும் மருந்திலும் பயன்படுவது. உணவுச் சேர்க்கை எண் 461. 2 வீதக் கரைசல் ஏறத்தாழ 50 முதல் 60 பாகையில் ஜெல்லாக இறுகும். வாங்கும்போது சுட்டியில் மெதொக்சி அளவைப் பாருங்கள்: 27.5 முதல் 31.5 வீதம் இருக்க வேண்டும். ஐதரொக்சிபுரொப்பைல் மெதைல் செலுலோசும், எண் 464, இதே குணமுள்ளதுதான். ஆனால் அதன் வகைக்கேற்ப இறுகும் வெப்பநிலை 58-இலிருந்து 90 பாகை வரை மாறும். காபொக்சிமெதைல் செலுலோசைக் கொண்டுவந்து ஏமாற வேண்டாம். பெயர் கிட்டத்தட்ட ஒன்றாகவே ஒலிக்கும், பொடியும் ஒரே மாதிரி இருக்கும். அதைச் சூடாக்கினால் வெறுமனே இளகுமே தவிர இறுகாது.

பொலொக்சமர் 407 என்பது எஃப் 127 என்ற வணிகக் குறியீட்டோடு வரும் வெள்ளைக் குறுணி. மூலக்கூற்றுத் திணிவு ஏறத்தாழ 12,600. 20 வீதக் கரைசல் பிரிட்ஜுக்குள் தண்ணீர் போல ஓடும், 20 முதல் 25 பாகைக்குள் இறுகும். 15 வீதத்துக்குக் கீழே போனால் பொதுவாக இறுகாது.

மூன்றாவது, பொலி-என்-ஐசோபுரொப்பைல் அக்கிரிலமைட்டு. பேச்சில் பிநைபாம். இந்தத் துறையின் அளவுகோல் இதுதான். 1968-இல் ஹெஸ்கின்ஸ், கில்லெட் இருவரும் இதன் நீர்க்கரைசலை விரிவாக ஆராய்ந்தனர். நீரில் இதன் நிலைமாற்றம் 32 பாகையை ஒட்டி நிகழும். விலை கூட, ஆனால் ஓர் அளவீட்டுக்கு 0.1 கிராம் போதும். பல்பகுதியமாகவே வாங்குங்கள். ஒருபகுதியத்தை (சங்கிலியாகக் கோக்கப்படும் சிறு மூலக்கூறு) வாங்கி நீங்களே பல்பகுதியமாக்கும் எண்ணத்தை, புகைக்கூண்டும் அனுபவமுள்ள மேற்பார்வையாளரும் இல்லாத இடத்தில் கைவிடுங்கள். அந்த ஒருபகுதியம் நச்சுத்தன்மை உள்ளது.

தண்ணீர்

வன்னிக் கிணற்று நீரிலும் குழாய்க்கிணற்று நீரிலும் பல இடங்களில் கல்சியமும் மகனீசியமும் இருகாபனேற்றும் நிறைய உண்டு. கேத்திலின் அடியில் படியும் வெள்ளைச் சுண்ணாம்பே சாட்சி. கலங்கும் வெப்பநிலையை இந்த உப்புகள் பெரிதாக நகர்த்தமாட்டா. ஆனால் நீரைச் சூடாக்கும்போது கல்சியம் காபனேற்று தானே வீழ்படிவாகி ஒரு மங்கலைத் தரும். பல்பகுதியத்தின் கலங்கலா, சுண்ணாம்பின் கலங்கலா என்று பிரித்தறிய முடியாது. குளிர்ந்த பின்னும் அந்த மங்கல் போகாது என்பதுதான் அடையாளம்.

காய்ச்சி வடித்த நீரே தேவை. ஆய்வுகூடத்தில் வடிகலம் வேலை செய்யவில்லை என்றால், வாகன பற்றரிக்கு ஊற்றும் கனிமம் நீக்கிய நீர் பெரும்பாலும் போதும். வாங்கும்போது சுட்டியை இரண்டு தரம் வாசியுங்கள். அதே கடையில், அதே மாதிரிப் போத்தலில் சல்பூரிக்கமிலமும் விற்பார்கள். கரைந்த திண்மங்களை அளக்கும் மானியில் 5-க்குக் கீழே காட்ட வேண்டும். மானி இல்லையென்றால் சுத்தமான கண்ணாடித் தட்டில் ஒரு துளி விட்டு உலரவையுங்கள். வெள்ளை வளையம் படிந்தால் அந்த நீர் வேண்டாம். ஊர்களில் விற்கும் சுத்திகரித்த குடிநீர் குடிக்க நல்லது. அதில் கொஞ்ச உப்பு மிஞ்சியிருக்கும் என்பதால் இதற்கு எடுக்க வேண்டாம்.

கரைத்தல்

மூன்றுக்கும் மூன்று வழி. எல்லாவற்றையும் கனவளவால் அளக்காமல் திணிவால் நிறுத்தெடுங்கள், 0.01 கிராம் காட்டும் தராசு போதும், பிநைபாமுக்கு மட்டும் 0.001 கிராம் காட்டுவது வேண்டும்.

மெதைல் செலுலோசில் தவறு நடப்பது முதல் அரை நிமிடத்தில். பொடியை நேரே குளிர்நீரில் போட்டால், கூழுக்கு மாவைக் கொட்டினால் கட்டிபடுவது போல, வெளித்தோல் நீரை உறிஞ்சி வழுக்கும், உள்ளே பொடி உலர்ந்தபடியே கிடக்கும். எவ்வளவு கலக்கினாலும் அந்தக் கட்டி உடையாது. சூட்டில் கரையாது என்ற குணத்தையே இங்கே உதவிக்கு எடுக்க வேண்டும். 100 கிராம் கரைசலுக்கு 33 கிராம் நீரை 80 முதல் 85 பாகைக்குச் சூடாக்கி, 2 கிராம் பொடியை மெல்லத் தூவிக் கலக்குங்கள். பொடி கரையாமல், ஆனால் ஒவ்வொரு துகளும் நனைந்து, வெள்ளைக் குழம்பாக நிற்கும். பிறகு போத்தலோடு பனிக்கட்டிக்குள் வைத்துக் குளிரவைத்த 65 கிராம் நீரைச் சேர்த்து (பனிக்கட்டி போத்தலுக்கு வெளியேதான்), பனித்தொட்டியில் அரை மணி நேரம் கலக்கி, இரவு முழுக்க பிரிட்ஜில் விடுங்கள். காலையில் நிறமற்றுத் தெளிந்திருக்கும். மங்கலாக இருந்தால் போதியளவு குளிரவில்லை என்று அர்த்தம். 5 பாகைக்குக் கீழே கொண்டுபோய் இன்னொரு நாள் விடுங்கள்.

பொலொக்சமருக்குச் சூடு பக்கத்திலும் வரக்கூடாது. 80 கிராம் நீரை மூடிய போத்தலில் 4 பாகைக்குக் கொண்டுவந்து, ரெஜிபோம் பெட்டிக்குள் நொறுக்கிய ஐஸ் நிரப்பி அதற்குள் போத்தலைப் புதையுங்கள். 20 கிராம் குறுணியைச் சிறிது சிறிதாகத் தூவி மெதுவாகக் கலக்குங்கள். வேகமாகக் கலக்கினால் நுரை கட்டும்; நுரை இறங்க ஒரு நாள் எடுக்கும். முழுவதும் கரையாவிட்டாலும் பரவாயில்லை, பிரிட்ஜில் ஒரு இரவு விட்டால் தானாகக் கரைந்துவிடும். மேசை வெப்பத்தில் இதைச் செய்தால் ஒவ்வொரு குறுணியையும் சுற்றி ஜெல் உறை கட்டி, கரைவது அங்கேயே நின்றுவிடும். அப்படி ஆகிவிட்டாலும் கொட்ட வேண்டாம். திரும்பக் குளிரில் வைத்தால் கரையும். மீன் வாடியில் வாங்கும் ஐஸ் இதற்குத் தாராளம். மின்வெட்டு வரும் என்று தெரிந்தால் பிரிட்ஜை நம்பாமல் ஐஸ் பெட்டியிலேயே இரவைக் கழிக்க விடுங்கள்.

பிநைபாம்: 0.1 கிராமுக்கு 9.9 கிராம் குளிர்நீர், 1 வீதக் கரைசல். மூடி, இடைக்கிடை சரித்து, பிரிட்ஜில் ஓர் இரவு. பாத்திரத்தை ஸ்பிரிற்றால் கழுவியிருந்தால் முற்றாக உலரவிடுங்கள். மெதனோலும் எதனோலும் தனியே இதை நன்றாகக் கரைப்பவை, நீரோடு கலந்து நிற்கும்போது கரைதிறனைக் குறைப்பவை. கொஞ்சம் மிஞ்சினாலும் கலங்கும் வெப்பநிலை கீழே இறங்கும்.

கலங்கும் வெப்பநிலையை அளத்தல்

தேவையானவை: 500 மில்லி லீற்றர் முகவை, பரிசோதனைக் குழாய், சிவப்பு லேசர் சுட்டி, ஒளியுணர் தடையி (விழும் ஒளிக்கேற்பத் தடை மாறும் உணரி; கீழே 'தடையி' என்பது இதுதான்), 10 கிலோ ஓம் தடை, ஆர்டுயினோ (உணரிகளை வாசித்துக் கணினிக்கு அனுப்பும் சிறு மின்பலகை), துருப்பிடிக்காத உருக்கு உறையுள்ள டிஎஸ்18பி20 வெப்ப உணரி. அந்த உணரியின் வழு 0.5 பாகை வரை இருக்கலாம்; தொடங்குமுன் உருகும் ஐஸ் நீரில் வைத்துப் பாருங்கள். 0.3 காட்டினால் பின்னர் எல்லா வாசிப்பிலும் 0.3-ஐக் கழியுங்கள். ஐஸை வடித்த நீரில் செய்திருக்க வேண்டும். மீன் ஐஸ் வெளியே குளிரூட்ட மட்டும்.

நீர் நிரப்பிய முகவைதான் தொட்டி. கரைசல் உள்ள குழாய் அதற்குள் நிற்க, லேசர் ஒரு பக்கமிருந்து குழாயூடாகச் சென்று மறுபக்கத் தடையியில் விழ வேண்டும். வெப்ப உணரி குழாய்க்குள்ளே இருக்க வேண்டும், முகவை நீரில் அல்ல. குழாய்க்குள் இருப்பது எப்போதும் தொட்டியை விடப் பின்தங்கியே சூடேறும். லேசர்க் கதிருக்குச் சற்று மேலே உணரியின் நுனி நிற்கட்டும், கதிரை மறைக்கக் கூடாது. குழாய் வாயை மெல்லிய பொலித்தீனால் மூடுங்கள். லேசர் நேரே தடையியில் விழுந்தால் வாசிப்பு 1023-ஐ (ஆர்டுயினோ காட்டும் உச்ச எண்) ஒட்டி நின்று, கலங்கலின் முதற் கட்டம் தெரியாமலே போய்விடும். தடையியின் முன்னால் வெள்ளைத் தாளை ஒட்டி, தெளிந்த கரைசலில் வாசிப்பு 900 அளவுக்கு வரும்வரை ஒளியைக் குறையுங்கள். எல்லாவற்றையும் கறுப்புக் காகிதத்தால் மூடுங்கள். லேசர் மட்டத்துக்குக் கண்ணைக் கொண்டுபோகக் கூடாது. பிள்ளைகள் சுற்றி நிற்கும் வகுப்பில் இதைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டும்.

சூடாக்கும் வேகம் நிமிடத்துக்கு அரைப் பாகைக்கு மேல் வேண்டாம். கலக்கியோடு கூடிய சூடேற்றி இருந்தால் எளிது. இல்லாவிட்டாலும், கரண்ட் நின்றாலும், வழி இருக்கிறது: தொட்டியிலிருந்து 10 மில்லி லீற்றர் நீரை எடுத்துவிட்டு, 60 பாகை நீர் 10 மில்லி லீற்றர் ஊற்றிக் கலக்குங்கள். 28 பாகையில் நிற்கும் 500 மில்லி லீற்றர் தொட்டியை அது ஏறத்தாழ 0.6 பாகை உயர்த்தும். இரண்டு நிமிடத்துக்கு ஒரு தரம் இப்படிச் செய்தால் சீராக ஏறும். சூடுநீரைப் பிளாஸ்குக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.

இங்கே பலரைத் தடுமாறவைக்கும் ஒன்று முகவையின் வெளிச்சுவரில் நடக்கும். தொட்டி நீர் 25 பாகைக்குக் கீழே இருக்கும்போது, ஈரப்பதன் கூடிய நாட்களில், வெளிச்சுவரில் வியர்வை போலப் பனி பூக்கும். முதலில் மெல்லிய புகைமூட்டம், பிறகு பொட்டுப் பொட்டாக நுண்துளிகள், பிறகு கோடாக வழியும். லேசர் அதில் பட்டுச் சிதற, தடையியின் வாசிப்பு விழும், கணினித் திரையில் அழகான ஒரு வளைகோடு வரும். அது பல்பகுதியத்தின் கலங்கல் அல்ல. தொட்டி சூடேறியதும் பனி மறைய வாசிப்பு திரும்ப ஏறுவது அதைக் காட்டிக்கொடுக்கும். உண்மையான கலங்கலில் சூடேறும்போது வாசிப்பு திரும்ப ஏறாது. மேசை விசிறியை முகவைக்கு நேரே ஓடவிட்டால் பனி பெருமளவு குறையும். இரட்டைச் சுவர் உள்ள கண்ணாடிக் குவளையைத் தொட்டியாக எடுத்தால் தொல்லையே இல்லை.

இன்னொரு போலிக் கலங்கல், குழாயின் உட்சுவரில் ஒட்டும் காற்றுக் குமிழ். குளிர்நீரில் கரைந்திருந்த காற்று சூடேறும்போது வெளியேறுவது. கரைசலை ஊற்றிய பின் 25 பாகையில் பத்து நிமிடம் வைத்து, விரலால் தட்டிக் குமிழை ஏற்றிவிட்டுத் தொடங்குங்கள்.

பிநைபாமில் வாசிப்பு ஒரு பாகை இடைவெளிக்குள்ளேயே சரியும். தடையியின் வாசிப்பு ஒளிக்கு நேர்விகிதமானதல்ல என்பதால், "பாதியாக விழுந்த புள்ளி" என்று எடுத்தால் அது ஒளி பாதியான புள்ளியாக இராது. வாசிப்பு விழத் தொடங்கும் வெப்பநிலையை எடுங்கள், அதையே எடுத்தீர்கள் என்று அறிக்கையில் எழுதுங்கள். செறிவையும் சூடாக்கிய வேகத்தையும் சேர்த்து எழுதாத கலங்கும் வெப்பநிலை யாருக்கும் பயன்படாது. பிறகு ஐஸ் நீரைச் சேர்த்துக் குளிரவைத்து, தெளியும் வெப்பநிலையையும் குறியுங்கள். அது சற்றுக் கீழே இருக்கும். காலையில் செய்வதே நல்லது. மத்தியானத்தில் 33 பாகை அறைக்குள் 31 பாகைக்குக் குளிரவைத்து நிறுத்துவது பெரும்பாடு.

ஜெல்லாகும் இரண்டுக்கும் லேசர் வேண்டாம், சரித்துப் பார்த்தாலே போதும். குழாயைத் தொட்டியில் ஒரு பாகை உயர்த்தி, பத்து நிமிடம் விட்டு, கிடையாகச் சரியுங்கள். அரை நிமிடம் ஓடாமல் நின்றால் அது ஜெல். மெதைல் செலுலோசு 50 பாகைக்கு மேல் இறுகும், ஆனால் திரும்ப இளகுவது 30, 35 பாகையளவில்தான். ஆகவே இறுகிய குழாயை மேசையில் வைத்து இளகும் என்று காத்திருந்தால், வன்னி மத்தியானத்தில் அது இளகாமலே நிற்கும். "மீளாத் தாக்கம்" என்று அறிக்கையில் எழுதிவிடாதீர்கள், ஐஸில் வையுங்கள்.

உப்பு

நல்லதொரு இரண்டாம் பரிசோதனை இது. 2 வீத பிநைபாம் கரைசலையும் 1 மூல் செறிவுள்ள உப்புக் கரைசலையும் (100 மில்லி லீற்றரில் 5.84 கிராம் சோடியங்குளோரைட்டு) குளிரில் சம அளவு கலந்தால் 1 வீதப் பல்பகுதியம், அரை மூல் உப்பு. கலங்கும் வெப்பநிலை 5 முதல் 7 பாகை கீழே இறங்கும். ஐதரசன் பிணைப்புக்குக் கிடைக்கக்கூடிய நீரை உப்பு அயன்கள் தம் பக்கம் இழுப்பதும், சங்கிலியின் மேற்பரப்பிழுவிசையை உயர்த்துவதும் காரணம். மேலே சொன்ன பனி இந்த அளவீட்டில்தான் மோசமாகக் குறுக்கே வரும், இரண்டும் ஒரே வெப்பநிலையை ஒட்டி நடப்பதால். சல்பேற்று இன்னும் வலுவாக இறக்கும். தயோசயனேற்று சிறிது ஏற்றும்.

மருந்தகத்தில் கிடைக்கும் 0.9 வீத சேலைனில் 32 பாகை ஏறத்தாழ 30 ஆகும். உடற் திரவங்களிலும் உப்பு இருப்பதால், உயிரியற் பயன்பாட்டுக்கு அளப்பவர் வெறும் நீரில் பெற்ற எண்ணைக் கொண்டு திட்டமிடக் கூடாது.

உயிரோடு ஒத்துப்போவது என்றால்

பல்பகுதியம் தீங்கற்றது என்பதும், உங்கள் போத்தலில் இருப்பது தீங்கற்றது என்பதும் வேறு வேறு. மிஞ்சிய ஒருபகுதியமும் தொடக்கியும்தான் (பல்பகுதியமாதலைத் தொடக்கிவைக்கும் பொருள்) பெரும்பாலும் உயிர்க்கலங்களைக் கொல்பவை. பிநைபாமைச் சுத்திகரிக்க அதன் குணமே போதும்: கரைசலை 45 பாகைக்குச் சூடாக்கினால் பல்பகுதியம் திரண்டு அடையும், அழுக்குகள் நீரில் நிற்கும். சூடாக இருக்கும்போதே நீரை வடித்து, புதிய குளிர்நீரில் கரைத்து, மூன்று தரம் செய்யுங்கள். வடிக்கும் இடமும் பாத்திரமும் சூடாக இருக்க வேண்டும். குளிர்ந்தால் பல்பகுதியமும் நீரோடு போய்விடும். கூழ்மப்பிரிப்புப் பையில் (சிறு மூலக்கூறுகளை மட்டும் வெளியே விடும் மென்சவ்வுப் பை) கட்டி மூன்று நாள், நீரை மாற்றி மாற்றிக் குளிரில் விடுவது இன்னும் நல்லது.

வளர்த்த உயிர்க்கலங்களைத் தாளாக உரித்தெடுக்கும் முறை, தோக்கியோவில் தெருவோ ஒகானோவின் குழு வளர்த்தெடுத்தது. பிநைபாம் பூசிய தட்டில் 37 பாகையில் கலங்கள் ஒட்டி வளரும். 20 பாகைக்கு இறக்கியதும் மேற்பரப்பு நீரை ஏற்று வீங்க, கலங்கள் நொதியம் எதுவுமின்றித் தாளாக விடுபடும். "காப்பகத்திலிருந்து (37 பாகையில் கலங்களை வளர்க்கும் பெட்டி) எடுத்து வெளியே வைக்கவும்" என்று செய்முறை சொன்னால், 33 பாகை மேசையில் எவ்வளவு நேரம் வைத்தாலும் கலங்கள் விடா. 20 பாகை குளிர்த்தட்டு, அல்லது 20 பாகைக்குக் கொண்டுவந்த வளர்ப்பு ஊடகத்தை மாற்றி ஊற்றுவது, இரண்டில் ஒன்று கட்டாயம்.

பொலொக்சமரை ஊசிக்குழலில் எடுத்துச் செல்வதானால் ஐஸிலேயே கொண்டுபோங்கள். 18 வீதமும் இங்கே வெளியில் இறுகிவிடும். 0.22 மைக்குரோமீற்றர் வடியூடாகக் கிருமி நீக்குவதையும் குளிர் நிலையிலேயே செய்ய வேண்டும். இந்த ஜெல் நிறைய நீர் பட்டால் கரைந்துபோகும். ஈரமான இடத்தில் நாள்கணக்கில் நிற்கும் என்று எதிர்பார்க்கக் கூடாது. ஆய்வுகூடத் தரப் பொருளில் செய்த எதையும் புண்ணிலோ கண்ணிலோ வைக்க வேண்டாம், "உயிரொத்திசைவு" என்று சுட்டியில் போட்டிருந்தாலும்கூட.

வைத்திருத்தல்

மெதைல் செலுலோசுக் கரைசலில் பூஞ்சணமும் பற்றீரியாவும் வளரும். ஒரு வாரத்துக்கு மேல் பிரிட்ஜிலும் வைக்காதீர்கள். பாகுத்தன்மை குறைந்து தண்ணீர்த்தால் சங்கிலி அறுந்துவிட்டது, இறுகும் வெப்பநிலை சரியாக வந்தாலும் ஜெல் வலுவற்றிருக்கும். பொலொக்சமர்க் குறுணி காற்றிலும் ஒளியிலும் ஒட்சியேறும், மூடி இருட்டில் வையுங்கள். உலர்ந்த பிநைபாம் மாரியில் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். சிலிக்கா ஜெல்லோடு மூடாவிட்டால் நிறுத்த 0.1 கிராமில் ஒரு பங்கு தண்ணீராகத்தான் இருக்கும், செறிவு பிழையாகும். மிஞ்சிய பிநைபாம் கரைசலைக் கழிவுக் குழாயில் ஊற்றாமல் சூடாக்கித் திரளவைத்து, திரளை எடுத்து உலர்த்தி, இரசாயனக் கழிவுப் போத்தலில் சேருங்கள்.